கைப்பேசிக்கு வேலை சொல்லக் கற்போம்

"எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறாளே, இவள் என்ன ஆகப் போகிறாள்?" என்று, ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகளைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால், கைப்பேசியைப் பார்த்துப் பொழுதைக் கழிப்பது வேறு; அதற்கு வேலை சொல்லக் கற்றுக்கொள்வது வேறு. இன்று இரண்டாவதைப் பற்றிச் சிந்திப்போம்.

செயலி என்பது யாது? கைப்பேசி ஒரு சிறு கணினி. அது தானாக எதையும் அறியாது. 'முதலில் இதைச் செய். இப்படி நேர்ந்தால் அதைச் செய்' என்று நாம் வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பே செயலி.

ஓர் உதாரணம் பார்ப்போம். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர், தாம் இன்று 120 குலை வெட்டியதாகச் சொல்கிறார். கணக்கிலோ 112 என்று இருக்கிறது. எட்டுக் குலை எங்கே போயிற்று? எழுதி வைக்காதவர் எப்படி வாதாடுவார்? நிரையின் எண், குலைகளின் எண்ணிக்கை, நேரம் ஆகிய மூன்றையும் பதிவு செய்யும் செயலி ஒன்றை அவருடைய மகளே செய்து கொடுப்பதாக வைத்துக் கொள்வோம்.

செம்பனைக் காட்டுக்குள் பல இடங்களில் அலை கிடைக்காது. ஆகவே, பதிவை முதலில் கைப்பேசியிலேயே சேமித்து, லயத்துக்குத் திரும்பி அலை கிடைத்த பிறகு அனுப்பும்படி கட்டளை எழுத வேண்டும். அனுப்பும்போது இணைப்பு பாதியில் அறுந்தால், செயலி மறுபடியும் அனுப்பும். அப்போது ஒரே கணக்கு இருமுறை ஏறிவிடக் கூடாதல்லவா? அதற்காக ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் இடுகிறோம். ஏற்கெனவே வந்த எண் மீண்டும் வந்தால், பெறும் கணினி அதை ஒதுக்கிவிடும். இருப்பிடத்தை இடைவிடாமல் தேடினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு செய்யும் நேரத்தில் மட்டும் தேடினால் போதும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதுதான் நடமாடும் கணிமைக் கல்வி.

இது நம்மவருக்கு எட்டாத துறையன்று. கைப்பேசியில் தமிழிலேயே செய்தி அனுப்ப வழி செய்த 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழரே.

எங்கே தொடங்குவது? 'ஆப் இன்வென்டர்' என்னும் இலவசக் கருவியை 2010இல் கூகிள் வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அதன் பொறுப்பை ஏற்றது. கட்டைகளை அடுக்குவது போல் அதில் கட்டளைகளை அடுக்கலாம். பள்ளிக் கணினியே போதும். அது கைவந்த பின், 'கோட்லின்' என்னும் கணினி மொழியையும் 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ' என்னும் மென்பொருளையும் பழகலாம். இவையும் இலவசமே. ஆனால், குறைந்தது 8 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினி தேவைப்படும். 16 இருந்தால் வசதி. செய்ததைச் சோதிக்கப் புதுக் கைப்பேசி வேண்டாம். வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பியால் இணைத்தாலே போதும்.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா பயில விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரியானால், பணம் கட்டுமுன் அந்தப் பயிற்சி மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். "மூன்றே மாதம், வேலை உறுதி" என்று சொல்பவரிடம் பி.எஃப். சேமிப்பையோ நகை அடகு வைத்த பணத்தையோ கொடுத்துவிடாதீர்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கைப்பேசியோடு அமர்ந்திருந்தால், உடனே கடிந்துகொள்ள வேண்டாம். "என்ன செய்கிறாய், எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். வெறும் விளையாட்டானால் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்கிறதென்றால், நிரைகளின் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை நீங்களே அதற்குச் சொல்லிக் கொடுங்கள். அது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம். உங்களிடம் மட்டுமே இருக்கிறது.