கழுத்தில் விழும் அடி

விளையாட்டில் தலையில் அடிபட்ட மாணவனை நாம் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புகிறோம். கழுத்தில் அடிபட்டவனையோ, வெறும் சுளுக்கு என்றெண்ணி மீண்டும் ஆட்டத்திற்கு விட்டுவிடுகிறோம். இவ்வழக்கம் அபாயகரமானது.

மூளைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்பவை நான்கு தமனிகளாகும். இரண்டு, கழுத்தின் முன்புறத்தில் பக்கத்திற்கொன்றாக மேலேறுகின்றன. மற்ற இரண்டு, கழுத்து முள்ளெலும்புகளிலுள்ள துளைகளின் வழியே செல்கின்றன. தமனியின் சுவர் மூன்று படலங்களாலானது. சடுகுடு, மல்யுத்தம், ரக்பி போன்ற ஆட்டங்களில் கழுத்து பலமாகத் தாக்கப்பட்டாலும், திடீரென முறுக்கப்பட்டாலும் உட்படலம் கிழியக்கூடும். அப்பொழுது படலங்களுக்கிடையே இரத்தம் புகுந்து குழாய் குறுகிவிடுகிறது. அங்கு உறைந்த இரத்தத்தின் சிறு கட்டி பெயர்ந்து மூளையை அடைந்தால் பக்கவாதம் உண்டாகும். இது அரிதாகவே நிகழ்வதெனினும், இளவயதினரின் பக்கவாதத்திற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

சில வேளைகளில் தமனி முற்றிலும் பிளந்துவிடுவதுமுண்டு. 2014 நவம்பர் 25-ஆம் தேதி சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸின் கழுத்தில், தலைக்கவசம் மறைக்காத இடத்தில், பந்து தாக்கியது. முள்ளெலும்புத் தமனி பிளந்து மூளையைச் சுற்றி இரத்தம் பெருகியது. 27-ஆம் தேதி அவர் காலமானார். வயது 25. வேகப்பந்தை எதிர்கொள்வோர் கழுத்துக்காப்பு அணிவதை அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியம் 2023 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியது.

உட்படலம் மட்டும் கிழிந்திருப்பின், அறிகுறிகள் உடனே தோன்ற வேண்டுமென்பதில்லை. சில மணி நேரமோ, சில நாட்களோ கழித்துத் தோன்றலாம். ஒருபக்கக் கழுத்துவலி, முன்பு அறியாத தலைவலி, ஒரு கண்ணிமை தொங்குதல், ஒரு கண்ணின் பாவை சிறுத்தல், தலைசுற்றல், நடை தள்ளாடல், பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்ய வேண்டுவன இவை: அடிபட்டவனை ஆட்டத்திலிருந்து விலக்குக. எலும்பு முறிவு ஐயமிருப்பின் கழுத்தை அசையவிடாது காக்க. கழுத்தை நீவுதலும், நெட்டி முறித்தலும், சுளுக்கு எடுத்தலும் கூடவே கூடா. அவற்றால் கிழிசல் பெருகலாம். வெட்டுக்காயத்தில் இரத்தம் பெருகினால், தூய துணியை அவ்விடத்தில் வைத்து விடாது அழுத்துக. கழுத்தைச் சுற்றிக் கட்டலாகாது. மேற்கூறிய அறிகுறிகளில் ஒன்று தோன்றினும், இரத்தக்குழாய்களைப் படமெடுத்துக் காணும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புக. அடிபட்ட நாளையும் நேரத்தையும் மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம். பெற்றோரிடமும் இவ்வறிகுறிகளை அன்றே சொல்லி அனுப்புதல் நலம். ஏனெனில், அவை வீட்டில் தோன்றவும் கூடும்.