நாடாண்ட நல்லாசிரியர்

பள்ளியில் பாடம் சொல்லித் தந்தவர்கள் பின்னாளில் நாடாளும் பொறுப்பை ஏற்றதுண்டு. ஆனால் 20 ஆண்டுகளுக்கு மேல் தலைமைப் பதவியில் இருந்த பின்னும் ‘ஆசிரியர்’ என்ற பெயராலேயே மக்களால் அழைக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் கிழக்கு ஆப்பிரிக்க நாடாகிய தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே. அந்நாட்டின் சுவாகிலி மொழியில் ‘முவாலிமு’ என்றால் ஆசிரியர் என்பது பொருள். சிறுவர் முதல் முதியவர் வரை அனைவருக்கும் அவர் முவாலிமுவே. புதிதாய் விடுதலை பெற்ற ஏழை நாடொன்றை ஓர் ஆசிரியர் எவ்வாறு நடத்தினார், எங்கே வென்றார், எங்கே தவறினார் என்பதை நாம் இங்குக் காண்போம்.

ஆடு மேய்த்த சிறுவன்

நைரேரே 1922ஆம் ஆண்டு, விக்டோரியா ஏரிக்குக் கிழக்கேயுள்ள புட்டியாமா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சானகி என்ற சிறிய இனத்தின் தலைவர். ஆயினும் மகன் மற்றச் சிறுவர்களைப் போலவே ஆடு மேய்த்து வளர்ந்தான். 12ஆம் வயதில்தான் பள்ளிக்கூடத்தைக் கண்டான். அதுவும் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் முசோமா நகரில்! காலம் தாழ்ந்து தொடங்கினாலும் 4 ஆண்டுப் படிப்பை 3 ஆண்டுகளிலேயே முடித்தான். பின்னர் தபோரா அரசினர் பள்ளியில் இடம் கிடைத்தது.

1943 டிசம்பர் 23ஆம் நாள் அவர் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்று, ஜூலியஸ் என்ற பெயரை ஏற்றார். உகாண்டாவின் மக்கரேரே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்றபின், தபோராவில் மறைப்பணிக் குருக்கள் நடத்திய புனித மரியன்னை பள்ளியில் ஆசிரியரானார். 1949இல் ஸ்காட்லாந்து சென்று, எடின்பரோ பல்கலைக் கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று 1952இல் திரும்பினார். தார் எஸ் சலாம் நகருக்கருகே பூகு என்னுமிடத்திலுள்ள புனித பிரான்சிஸ் கல்லூரியில் மீண்டும் சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தார்.

பள்ளியா, அரசியலா?

தான்சானியாவின் பெரும்பகுதி அப்போது தங்கனீக்கா எனப்பட்டது. முதலில் ஜெர்மானியரும், முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயரும் அதனை ஆண்டனர். 1954 ஜூலை 7ஆம் நாள் நைரேரேயும் நண்பர்களும் தங்கனீக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு அவர் நியூயார்க் சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் அறங்காவலர் மன்றத்தில் தம் மக்களுக்காக வாதாடினார். திரும்பியதும் ஆசிரியப் பணி, அரசியல் இரண்டில் ஒன்றையே வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தது. இளம் மனைவி, கைக்குழந்தை, மாதச் சம்பளம் தவிர வேறு வருவாய் இல்லை. இருந்தும் வேலையைத் துறந்தார்.

ஊர் ஊராகச் சென்று அவர் பேசினார். 120க்கும் மேற்பட்ட இனத்தவர் வாழும் அந்நாட்டில் எல்லாருக்கும் பொதுவான சுவாகிலியிலேயே பேசினார். இப்பணியில் பெண்களின் பங்கை நாம் மறக்கலாகாது. தார் எஸ் சலாமில் பாட்டுக் குழுவொன்றின் தலைவியாக இருந்த பீபி தீதி முகமது என்ற பெண்மணி பெண்களைத் திரட்டினார். ஆண்கள் வேலை போய்விடுமோ என்றஞ்சித் தயங்கிய நாட்களில், பெண்கள் ஆயிரக்கணக்கில் உறுப்பினராயினர். 1961 டிசம்பர் 9ஆம் நாள், போரும் கலவரமுமின்றி விடுதலை பிறந்தது. அன்று கிளிமஞ்சாரோ மலை உச்சியில் தேசியக் கொடியும் தீப்பந்தமும் ஏற்றப்பட்டன.

பிரதமரான நைரேரே ஆறே வாரங்களில் பதவி விலகி அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். கொடி மாறினால் போதாது, மக்கள் மனம் மாற வேண்டும் என்றெண்ணிக் கிராமங்களுக்குத் திரும்பினார். அவ்வாண்டு இறுதியில் மக்கள் அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1964இல் சான்சிபார் தீவுகள் இணைந்து தான்சானியா என்ற நாடு உருவாயிற்று.

நாடே ஒரு வகுப்பறை

1966இல் பல்கலைக் கழக மாணவர்கள், தேசிய சேவையில் கட்டாயமாகச் சேர வேண்டும், அக்காலத்தில் சம்பளம் குறையும் என்ற சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் வந்தனர். நைரேரே அவர்களை நேரில் சந்தித்தார். ஏழை நாட்டில் படித்தவர்கள் பெறும் சம்பளம் மிக அதிகம் என்பதை ஒப்புக்கொண்டு, முதலில் தம் சம்பளத்தையே 20 விழுக்காடு குறைத்துக்கொண்டார். பின்னரே மாணவர்களை ஊருக்கு அனுப்பினார். பெரும்பாலோர் அடுத்த ஆண்டு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

கல்வி கற்றவர் கிராமத்தை இழிவாக எண்ணலாகாது என்பது அவர் கொள்கை. எனவே பள்ளிகள்தோறும் தோட்டமும் வயலும் தோன்றின. மாலையில் முதியோர் எழுத்தறிவு பயின்றனர். 1967இல் வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே எழுதப் படிக்க அறிந்திருந்தனர். 1980களின் நடுவில் அரசுக் கணக்கின்படி பத்தில் ஒன்பது பேர் அறிந்திருந்தனர். இத்தனைப் பணிக்கிடையே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ நாடகங்களைச் சுவாகிலியில் மொழிபெயர்க்கவும் அவருக்கு நேரமிருந்தது!

தவறிய கணக்கு

1967 பிப்ரவரியில் வெளியான அருஷா பிரகடனம் ‘உஜாமா’ என்ற கொள்கையை முன்வைத்தது. நாட்டு மக்கள் ஒரே குடும்பம்போல் வாழ்ந்து, சேர்ந்து உழுது, பகிர்ந்து உண்ண வேண்டும் என்பது அதன் கருத்து. தலைவர்கள் வீடுகளை வாடகைக்கு விட்டும், கம்பெனிப் பங்குகள் வாங்கியும் பொருள் சேர்க்கக் கூடாதென அது விதித்தது.

உயர்ந்த எண்ணந்தான். ஆனால் சிதறி வாழ்ந்த மக்கள் பொதுக் கிராமங்களுக்குத் தாமாக வரத் தயங்கியபோது, 1973 முதல் அரசு அவர்களைக் கட்டாயப்படுத்தியது. இலட்சக்கணக்கானோர் மூதாதையர் நிலத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். சில இடங்களில் பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன. மழையும் பொய்த்தது, விளைச்சல் வீழ்ந்தது, வெளிநாட்டுத் தானியத்துக்குக் கையேந்த நேர்ந்தது. 1978இல் உகாண்டாவின் இடி அமீன் படையெடுக்க, அந்தப் போர்ச் செலவும் நாட்டை வாட்டியது.

1965 முதல் நாட்டில் ஒரே கட்சிதான் இருந்தது. விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் சட்டமும் இருந்தது. விடுதலைக்கு உழைத்த அதே பீபி தீதி, 1969இல் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் எனக் கைது செய்யப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்ற அவரை 1972இல் நைரேரேயே விடுவித்தார். இன்று தலைநகராயிருந்த தார் எஸ் சலாமின் பெரிய சாலையொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. கற்பித்து மனம் மாற்றிய இடங்களிலெல்லாம் முவாலிமு வென்றார். கட்டளையிட்டு அடிபணியச் செய்த இடங்களில் தோற்றார். நல்ல நோக்கம் உடையவர்க்கும் பிறரை வற்புறுத்தும் உரிமை இல்லை என்பதன்றோ இதனால் நாம் பெறும் பாடம்!

மீண்டும் வயலுக்கு

1985இல், எவரும் துரத்தாமலே, அவர் குடியரசுத் தலைவர் பதவியைத் துறந்தார். அக்கால ஆப்பிரிக்காவில் இது மிக அரிய செயல். அவர் பெயரில் மாளிகைகளோ அயல்நாட்டுச் செல்வமோ இல்லை. புட்டியாமாவில் பயிர் செய்தார். நாள்தோறும் திருப்பலி காணும் வழக்கத்தை விடவில்லை. கற்றாழை நார்த் தோட்டங்களை அரசுடைமையாக்கியது தவறு, வேளாண்மையை அரசு நடத்துவது எவ்வளவு கடினம் என அப்போது தாம் உணரவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தம் கணக்கில் தாமே சிவப்பு மையால் கோடிட்ட ஆசிரியர் அவர்!

1995இல் இந்திய அரசு காந்தி அமைதிப் பரிசை நிறுவி, முதன்முதலில் அவருக்கே வழங்கியது. 1999 அக்டோபர் 14ஆம் நாள் இலண்டனில் மறைந்து, பிறந்த மண்ணிலேயே அடக்கமானார். 2005இல் முசோமா மறைமாவட்டம் அவரைப் புனிதராக உயர்த்துவதற்கான முயற்சியைத் தொடங்கியது. திருச்சபையின் தீர்ப்பு எதுவாயினும், அவர் வாழ்வு நமக்கொரு பாடநூல்.

வகுப்புத் தலைவி முதல் நாட்டுத் தலைவர் வரை, பொறுப்பு நம்மிடம் வரும் நாளில் மூன்றை நாம் நினைவில் கொள்வோம்: தியாகத்தை நம்மிலிருந்து தொடங்குதல், தவற்றை ஒப்புக்கொள்ளுதல், நேரம் வரும்போது இடத்தைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல். முவாலிமுவின் மாணவியராக நாமும் இவற்றைக் கற்போமாக!