பால்மமாக்கி: பாக்கெட்டிலும் பட்டறையிலும்

பொருள்

எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடாமல் கலந்தே இருக்கும்படி செய்யும் பொருளுக்குப் பால்மமாக்கி என்று பெயர். உணவுப் பாக்கெட்டுகளில் ‘எமல்சிஃபையர்’ என்று அச்சாகியிருப்பது இதுவே. இதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்த் துளிகளின் மேல் இது படர்ந்துகொள்வதால், துளிகள் ஒன்றுசேர்ந்து மேலே மிதப்பது தடைபடுகிறது. பசும்பால் இயற்கையான பால்மம். அதில் கேசின் புரதமும் கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்த சவ்வும் இந்த வேலையைச் செய்கின்றன.

பால்மமாக்கி என்பது செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர். தனி ஒரு பொருளின் பெயரன்று. சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தினும் பெட்ரோலியத்திலிருந்து பெறும் சல்ஃபோனேட்டும் இதில் அடங்கும். ஆகவே எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வழியாக உடலைச் சேர்கிறது என்பதை வைத்தே அதன் நன்மை தீமையைச் சொல்ல முடியும். வாலாஜாபாத் வட்டாரத்தில் கடையில் வாங்கும் தின்பண்டம் வழியாக அது வயிற்றுக்குப் போகிறது. அருகிலுள்ள ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில், உலோகம் கடையும்போது ஊற்றும் கூலண்ட் திரவத்தைக் கையாளுபவர்களுக்குத் தோலும் மூச்சும் அதன் வழிகள்.

உணவில் வரும் வகைகள்

ஐ.என்.எஸ். என்பது உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு எண் வரிசை. அதில் அடிக்கடி கண்ணில் படுபவை:

- 322: லெசித்தின். சாக்லேட், பிஸ்கட்.
- 471: மோனோ, டைகிளிசரைடுகள். ரொட்டி, கேக், ஐஸ்கிரீம்.
- 472e, 481: ரொட்டி மாவு நன்கு உப்பி மென்மையாக இருக்க.
- 476: சாக்லேட் இளகி எளிதில் ஓட.
- 433: பாலிசார்பேட் 80. ஐஸ்கிரீம் போன்ற உறையவைத்த இனிப்புகள்.
- 466: கார்பாக்சிமெதில் செல்லுலோஸ். கெட்டித்தன்மைக்கும் உதவுவது.

லேபிளைப் படிக்கும் முறை

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் விதிப்படி, சேர்க்கையின் வகையோடு அதன் பெயரோ ஐ.என்.எஸ். எண்ணோ லேபிளில் இருக்க வேண்டும். சேர்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சாகும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் 322-இன் மூலத்தைக் கவனிக்க வேண்டும். 471-ஐத் தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் தயாரிக்கலாம். ஐ.என்.எஸ். எண்ணை மட்டும் வைத்து இது தெரியாது. சைவ உணவு உண்பவர்கள் பச்சை வட்டக் குறியைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்வுகள் சொல்வது

பாலிசார்பேட்டுகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்பது ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1.5 கிராம். 471-க்கு இப்படி எண்ணால் வரம்பு வேண்டியதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் முடிவு செய்தது.

2015-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், 466-உம் 433-உம் கொடுக்கப்பட்ட எலிகளின் குடலில் சளிப்படலம் பாதிக்கப்பட்டு அழற்சி தோன்றியது. அடுத்து, 16 பேர் பங்கேற்ற ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினர் நாளுக்கு 15 கிராம் வீதம் 11 நாள் 466-ஐ உண்டனர். அவர்களின் குடல் நுண்ணுயிர்களில் மாற்றம் காணப்பட்டது. சாதாரண உணவில் சேரும் அளவைவிட இது மிக அதிகம். பிரான்சில் 95,442 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-இல் வந்தது. செல்லுலோஸ் வகைகளையும் மோனோ, டைகிளிசரைடுகளையும் அதிகம் உண்டவர்களிடம் இதய நோய் ஆபத்து சற்றுக் கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. பால்மமாக்கி மிகுந்த பண்டங்களில் பெரும்பாலும் சர்க்கரை, உப்பு, கொழுப்பும் மிகுந்திருப்பதால், அந்தப் பண்டங்களைக் குறைப்பது எப்படியும் நல்லது.

கூலண்டில் உள்ளவை

சி.என்.சி. மெஷினிலும் லேத்திலும் உலோகத்தைக் கடையும்போது ஊற்றும் வெள்ளைத் திரவமும் பால்மம்தான். கனிம எண்ணெய், சல்ஃபோனேட், கொழுப்பு அமிலச் சோப்பு, எத்தனாலமைன், கிருமிக்கொல்லி ஆகியவை சேர்ந்த கரைசலைப் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீத அளவில் தண்ணீரில் கலந்து பயன்படுத்துகிறார்கள். இதன் காரத்தன்மையும் பால்மமாக்கியும் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுகின்றன. விரலிடுக்கில் வறட்சி, அரிப்பு, வெடிப்பு வருவது தொடக்க அறிகுறி. கிருமிக்கொல்லிகள் சிலருக்கு ஒவ்வாமைத் தோலழற்சியைத் தரும். நுண்துளிகளாகப் பறக்கும் கூலண்ட் மூச்சுக்குழலை உறுத்தி இருமலையும் ஆஸ்துமாவையும் தூண்டலாம்.

தண்ணீர் ஆவியாவதால் தொட்டியில் அடர்த்தி ஏறும். அதை ரிஃப்ராக்டோமீட்டரால் அளந்து சரிசெய்ய வேண்டும். மெஷின் நின்றிருந்த விடுமுறைக்குப் பின் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தொட்டியில் பாக்டீரியா பெருகியிருக்கிறது என்று பொருள்.

தற்காப்பு

- கையை மண்ணெண்ணெயாலோ தின்னராலோ துடைக்கக் கூடாது. மென்மையான சோப்பு போதும்.
- உலோகத் துகள் ஒட்டிய பழந்துணியால் கை துடைப்பது தோலைக் கீறும்.
- சுழலும் பாகத்தின் அருகே கையுறை சிக்கிக் கையை இழுத்துவிடும். கூலண்ட் கலக்கும்போதும் தொட்டியைச் சுத்தம் செய்யும்போதும் மட்டும் அணியலாம்.
- கூலண்ட் நனைந்த சீருடையை உடனே மாற்றி, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும்.
- மெஷின் பக்கத்தில் உண்ணக் கூடாது.

கனிம எண்ணெயால் வரும் தோலழற்சி, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றது. ஒரு வாரத்துக்கு மேல் ஆறாத வெடிப்பைக் காட்டும்போது, கையாளும் கூலண்டின் பாதுகாப்புத் தரவுத் தாளையும் மருத்துவரிடம் கொண்டுபோனால் எந்தப் பொருளால் வந்தது என்பதைக் கண்டறிவது எளிது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் இந்தச் சிகிச்சையை அதன் மருந்தகத்திலேயே பெறலாம்.