கல்லில் பாடும் சிறுவர்கள்

மேனாட்டுக் கோஷ்டி கானம் என்றாலே நம்மவர்களில் பலர் முகம் சுளிப்பதுண்டு. "நாலு பேர் நாலு விதமாகப் பாடுகிறார்கள், எதைக் கேட்பது?" என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. அறுநூறு வருஷத்துக்கு முந்திய லத்தீன் பாட்டு, இன்றைய ஐரோப்பியருக்கே எளிதில் பிடிபடுவதில்லை. ஆகவே அங்கே ஊர் மக்கள் கூடி நடத்தும் கச்சேரிகள் சிலவற்றில் ஓர் உபாயத்தைக் கையாளுகிறார்கள். பழைய பாட்டைப் பாடும்பொழுது, அதே காலத்துச் சித்திரத்தையோ சிற்பத்தையோ திரையில் காட்டுகிறார்கள். இது வெறும் அலங்காரந்தானா, அல்லது காதுக்குக் கண் மெய்யாகவே துணை செய்கிறதா? ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

இத்தாலியிலுள்ள பிளாரென்ஸ் நகரத்துப் பெரிய கோயிலுக்கு 1436-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி பிரதிஷ்டை நடந்தது. நடத்தி வைத்தவர் போப்பாண்டவர் நான்காம் யூஜீனியஸ். புருனெல்லெஸ்கி என்ற சிற்பி 1420-ல் எழுப்பத் தொடங்கிய மாபெரும் கும்மட்டம் அப்பொழுது முடியுந் தறுவாயில் இருந்தது. அந்த வைபவத்துக்கென்றே போப்பின் பாடகர்களில் ஒருவரான கியோம் டுபே 'நூபெர் ரோஸாரும் ப்ளோரெஸ்' என்னும் கீதத்தை இயற்றினார். அதில் நான்கு பகுதிகள், நான்கு குரல்கள். ஒவ்வொரு பகுதியிலும் மேற்குரல்கள் இரண்டும் முதலில் தனித்து உலாவும். பிறகு கீழ்க்குரல்கள் இரண்டும் ஒரு பழைய கோயிற் பண்ணை நீட்டி இசைத்துக்கொண்டு, அஸ்திவாரக் கற்களைப் போல் வந்து அமரும்.

அந்த நான்கு பகுதிகளின் கால அளவு 6, 4, 2, 3 என்ற விகிதத்தில் அமைந்திருக்கிறது. இவை கோயிலின் அளவுகளே என்று 1973-ல் ஓர் அறிஞர் எழுதினார். கேட்டவர்கள் பரவசமானார்கள். 1994-ல் மற்றோர் அறிஞர் அதை மறுத்தார். சாலமோன் அரசனின் ஆலயத்துக்கு நீளம் 60 முழம், அதில் முன் மண்டபம் 40, அகலம் 20, உயரம் 30 என்று விவிலியம் கூறுகிறது. விகிதம் அங்கிருந்து வந்தது என்பது அவர் கட்சி. எப்படியாயினும், கட்டடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பவனுக்கு அந்தக் கீதம் குழப்பமாக இராது. தூண் எது, வளைவு எது என்று காதே கண்டுகொள்ளும்.

அதே கோயிலில் பாடகர்களுக்காக லூக்கா டெல்லா ராபியா 1431 முதல் 1438 வரை ஒரு சலவைக்கல் மேடை செதுக்கினார். அதன் இரு பக்கங்களிலும் சிறுவர்கள் நின்று பாடுகிறார்கள். ஒருவன் தோள்மீது ஒருவன் கை போட்டுக்கொண்டு, புருவத்தை நெரித்து, வாயைத் திறந்து பாடும் அழகை என்னென்பது! பள்ளிப் பிள்ளைகளோடு காலங் கழிக்கும் நமக்கு அந்த முகங்கள் புதியவை அல்ல. கடினமான பாடத்தைத் தவறவிடக் கூடாதே என்ற கவலை அவற்றில் எழுதி ஒட்டியிருக்கிறது. பல குரல் கானம் என்பது அடுத்தவன் குரலுக்குச் செவி கொடுத்துக்கொண்டே தன் குரலை விடாமல் காப்பது என்ற உண்மையை, எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

இத்தகைய மேடைக்கு நேர்ந்த கதியையும் சொல்லவேண்டும். 1688-ல் மெடிசி குலத்து ராஜகுமாரன் ஒருவனுடைய கல்யாணத்துக்காக அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நெடுங்காலத்துக்குப் பின்னரே துண்டுகள் சேர்க்கப்பட்டன. இன்று கோயிலை அடுத்த காட்சிசாலையில் இருக்கிறது. சிற்பம் ஓரிடம், பாட்டு ஓரிடம் என்று பிரிந்துவிட்டன.

பிரிந்தவற்றை ஒரு மாலைப்பொழுதுக்காவது ஒன்று சேர்ப்பதுதான் அந்த ஊர்க் கச்சேரிகளின் பயன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஏதோ ஓர் அழகிய படத்தை ஏதோ ஒரு பாட்டுக்குப் பின்னால் மாட்டினால் கண் காதைத் திருடிவிடும். ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஒரே நோக்கத்துக்குப் பிறந்தவற்றையே ஜோடி சேர்க்கவேண்டும். அப்பொழுது, பகலெல்லாம் வேறு தொழில் செய்துவிட்டு வந்து வரிசையில் நிற்கும் பாடகர்களைப் பாருங்கள்: அதே நெரித்த புருவம், அதே திறந்த வாய். கல்லில் பாடும் சிறுவர்கள் அவர்களுக்குப் பந்துக்களாகிவிடுகிறார்கள்.