உடைத்துப் போட்டதைப் பறக்கவிட்டவர்கள்

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் திரண்ட கூட்டம் ரஃபேலையும் சுகோயையும் சூர்ய கிரண் சாகசங்களையும் பார்க்க வந்த கூட்டம். காதைக் கிழிக்கும் ஜெட்களுக்கு நடுவே இரண்டு விமானங்கள் மட்டும் வேறொரு சத்தத்தோடு, அவசரமில்லாமல் கடற்கரையைக் கடந்து போயின. ஒன்று டகோட்டா, இன்னொன்று ஹார்வர்டு. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வடிவங்கள். அன்றைய வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்ததால் மறுநாள் ஊர்ப் பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருந்தது. அது நியாயமும்கூட. அந்தக் கிழட்டு விமானங்கள் எப்படி இன்னும் பறக்கின்றன, யார் பறக்கவைக்கிறார்கள் என்ற கேள்வி அதில் அமுங்கிப்போயிற்று.

பழைய போர் விமானங்களைப் பழுது பார்த்து, மக்கள் பார்க்கப் பறக்கவிடுவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனி உலகம். அங்கே அதற்கென்று அறக்கட்டளைகள், பட்டறைகள், வார இறுதியில் வந்து எண்ணெய்க் கறையோடு வேலை செய்யும் ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் உண்டு. அந்த உலகத்தில் இன்று பறக்கும் சில விமானங்களின் பூர்வீகத்தைத் தோண்டினால் கான்பூர், பெங்களூரு என்று நம் ஊர்ப் பெயர்கள் வந்து நிற்கும். இது நம்மவர்களில் பலருக்கே தெரியாது.

கான்பூர் கதை 1945-இல் தொடங்குகிறது. பி-24 லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தை அமெரிக்கா 18,000-க்கும் மேல் தயாரித்தது. வேறெந்த அமெரிக்க ராணுவ விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அவற்றில் ஒரு பகுதி கடன்-குத்தகை ஏற்பாட்டில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்தது. சென்னைக்கும் இதில் பங்குண்டு: 1944-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ஆம் ஸ்குவாட்ரன் பரங்கிமலையில் இருந்துகொண்டு, லிபரேட்டர்களில் போய்க் கடலுக்குமேல் ரோந்து சுற்றியது.

போர் முடிந்ததும் சிக்கல் வந்தது. ஏற்பாட்டின்படி விமானங்களைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். கடல் தாண்டிக் கொண்டுபோகும் செலவுக்கு அழிப்பது மலிவு. கான்பூரில் சக்கேரி தளத்தில் லிபரேட்டர்களை வரிசையாக நிறுத்தி, இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று திட்டம் போட்டுச் சிதைத்தார்கள். எஞ்சினில் மணலைக் கொட்டினார்கள், உடலில் ஓட்டை போட்டார்கள், கருவிகளை நொறுக்கினார்கள். பிறகு பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீரில் போர். இந்திய விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளியில் வாங்கக் காசும் இல்லை. அப்போதுதான் கான்பூர்க் குப்பைமேட்டின் மீது பார்வை விழுந்தது. பெங்களூரு எச்.ஏ.எல். ஆலை போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்த இடம். அந்தத் தொழிலாளர்களுக்கு அமெரிக்க இயந்திரங்கள் புதிதல்ல. கான்பூருக்குப் போன குழு, ஒரு விமானத்தில் இருந்த நல்ல பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தி, ஓரளவு தேறியவற்றைப் பெங்களூருக்குப் பறக்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டது. அந்த நிலையில் இருந்த விமானங்களைச் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓட்டிவந்தவர் எச்.ஏ.எல். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படிக் கரை சேர்ந்தன. இன்றைய பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அந்தப் பயணங்களின் காகிதங்களைப் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்.

1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு உருவானது. 1968 முடியும்வரை அவை நம் விமானப்படையில் இருந்தன. உலகம் முழுக்க லிபரேட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பி, உருக்கி அலுமினியமாக்கி முடித்த பிறகும் இங்கே மட்டும் அவை வேலை பார்த்துக்கொண்டிருந்தன. நமக்கு அப்போது பாரம்பரியப் பற்று எதுவும் கிடையாது. வேறு வழியில்லை, அவ்வளவுதான். அந்த வறுமையில் காப்பாற்றியதுதான் இன்று உலக அருங்காட்சியகங்களின் பொக்கிஷம். ஒட்டாவா, அரிசோனாவின் பீமா அருங்காட்சியகம், பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகம், தில்லி பாலம் என்று முழு உருவில் மிஞ்சியிருக்கும் சொற்ப லிபரேட்டர்களில் பாதியளவு இந்தியாவிலிருந்து போனவை அல்லது இங்கேயே இருப்பவை. பீமாவில் இருப்பது இந்தியாவிலிருந்து அமெரிக்காவரை பறந்தே போய்ச் சேர்ந்தது.

இன்னொரு லிபரேட்டரின் கதை இன்னும் நீளம். 1944-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் செய்தது, பிரிட்டிஷ் படைக்கு வந்தது, கான்பூரில் சிதைபட்டது, இந்தியப் படையில் 1968 வரை உழைத்தது, பிறகு கேட்பாரின்றிக் கிடந்தது. 1981-இல் டக் ஆர்னால்டு என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் அதை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவரிடமிருந்து 1984-இல் மாசசூசெட்ஸின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கியது. முதலில் நிறுத்திவைத்துக் காட்டுவதாகத்தான் எண்ணம். லிபரேட்டரில் போர்க் காலத்தில் பறந்த முதியவர்கள் விடவில்லை. பறந்தால்தான் ஆயிற்று என்றார்கள். பல ஆண்டு வேலைக்குப் பிறகு 1989-இல் அது மறுபடி பறந்தது. பிறகு அமெரிக்கா முழுக்க ஊர் ஊராகப் போய் இறங்கியது. பேரப்பிள்ளைகளோடு வந்த கிழவர்கள் குனிந்து அதன் வயிற்றுக்குள் ஏறி, தாங்கள் இருபது வயதில் உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானங்களும் இப்படித்தான். 1970-களின் பிற்பகுதியில் ஹெய்டன்-பெய்லி சகோதரர்கள் இந்தியாவில் கிடந்த ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் விமானங்களை வாங்கி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். பெங்களூரு ஜாலஹள்ளியில் மாணவர்கள் கழற்றிப் பழக நிறுத்தியிருந்த எம்.வி.293 என்ற ஸ்பிட்ஃபயர் 1992-இல் பறந்தது. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானக் காட்சிகளில் கைதட்டு வாங்கும் விமானம் அது. வாங்கிய சகோதரர்களில் ஆர்மண்ட் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1977-இல் மேற்கு ஜெர்மனியில் தன் மஸ்டாங் விமானம் விழுந்து இறந்துபோனார்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் எழும். தோலில் பாதி புதுத் தகடு, எஞ்சின் வேறெங்கோ வாங்கியது, ஒயர் எல்லாம் புதிது; இது பழைய விமானமா? கோயில் திருப்பணியில் கல்லை மாற்றினாலும் கோயில் அதே கோயில்தான் என்பதுபோல, விமான உலகில் அடையாளம் தயாரிப்பாளர் பதித்த எண் தகட்டோடும் காகிதங்களோடும் போகிறது. ஆனால் எண் தகட்டையும் நான்கு வளைந்த இரும்பையும் வைத்துக்கொண்டு முழு ஸ்பிட்ஃபயரைப் புதிதாகக் கட்டி, போரில் பறந்தது என்று விற்பவர்களும் உண்டு. நிறுத்திவைத்த விமானம் இதில் யோக்கியமானது: ஆதி வண்ணப்பூச்சு, ஆதி ரிவெட், விமானி கிறுக்கிய பென்சில் கோடு எல்லாம் அப்படியே இருக்கும். பறக்கும் விமானம் ஒவ்வொரு மணி நேரமும் தன்னைக் கொஞ்சம் தின்றுகொண்டேதான் பறக்கிறது.

அதனால் ஒரே ஒரு விமானம் மிச்சமிருந்தால் அதைப் பறக்கவிடக் கூடாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 1933-இல் கராச்சியில் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது வாப்பிட்டி என்ற இரட்டை இறக்கை விமானத்தோடு. உலகில் மிஞ்சியிருக்கும் வாப்பிட்டி ஒன்றே ஒன்று. பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். டகோட்டா விஷயம் வேறு. அந்த வகையில் பத்தாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். எஞ்சினும் உதிரி பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன.

மெரினாவில் பறந்த டகோட்டா பிரிட்டனில் மீட்கப்பட்டது. வாங்கி, புதுப்பித்து, விமானப்படைக்குப் பரிசளித்தவர் அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர். அவருடைய தந்தை ஏர் கமோடோர் எம்.கே. சந்திரசேகர் டகோட்டா விமானி. முதலில் நீட்டியபோது அரசு அந்தப் பரிசை வாங்கிக்கொள்ளவில்லை. பல ஆண்டு கழித்துத்தான் ஏற்றது. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து கிளம்பி, ஐரோப்பா, அரபு நாடுகள் வழியாகத் தங்கித் தங்கிப் பறந்து ஜாம்நகரில் இறங்கியது. மே 4-ஆம் தேதி ஹிண்டன் தளத்தில் படையில் சேர்ந்தது. பரசுராமா என்று பெயர். வி.பி.905 என்ற எண்ணை அதற்குக் கொடுத்தார்கள். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் சீக்கியப் படைவீரர்களை இறக்கிய டகோட்டாவின் எண் அது.

இந்த விமானத்தைக் கிளப்புவதே ஒரு சடங்கு. டகோட்டாவின் எஞ்சினும் லிபரேட்டரின் எஞ்சினும் ஒரே குடும்பம்: பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. பதினான்கு சிலிண்டர்கள், இரண்டு வட்டமாக அடுக்கியவை. எஞ்சின் நின்றதும் எண்ணெய் மெல்லக் கீழே கசிந்து, அடியில் இருக்கும் சிலிண்டர்களில் போய்த் தேங்கும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரைத் தட்டினால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து நடுவானில் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் மெக்கானிக்குகள் விசிறியின் இலையைக் கையால் பிடித்துத் தள்ளி, ஒவ்வோர் இலையாக எண்ணிச் சுற்றுகிறார்கள். எங்கேயாவது கை இடறினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பலம் போட்டுத் தள்ளவும் கூடாது, பின்பக்கமாகச் சுற்றவும் கூடாது. அடிச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் முடிந்து எஞ்சின் உயிர்பெறும்போது வெளிப்படும் வெண்புகையைப் பார்த்துக் கூட்டம் மகிழும். மெக்கானிக் எண்ணெய் அழுத்தமானியைத்தான் பார்ப்பார்.

எரிபொருளும் எளிதல்ல. ஜெட்டுக்குப் போடுவது மண்ணெண்ணெய் வகை. இதற்கு வேண்டியது ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல். இந்தியா அதை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டு ஏவ்கேஸை வெளியிட்டது.

இனி கசப்பான பக்கம். 2019 அக்டோபர் 2 அன்று அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 குண்டுவீச்சு விமானம், ‘நைன்-ஓ-நைன்’, கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் விழுந்தது. உள்ளே 13 பேர். 7 பேர் இறந்தார்கள், அவர்களில் ஐவர் சுமார் 450 டாலர் கொடுத்துச் சிறு சுற்றுக்கு ஏறிய பயணிகள். கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு எஞ்சின் வலுவிழந்தது. அதை அணைத்துவிட்டுத் திரும்பும்போது விமானி வேகத்தையும் விமானத்தின் அமைப்பையும் சரியாகக் கையாளவில்லை என்பது விசாரணை முடிவு. ஆனால் அதோடு நிற்கவில்லை. எஞ்சின்களின் மேக்னெட்டோக்களும் ஸ்பார்க் பிளக்குகளும் இருந்த நிலை பராமரிப்பின் லட்சணத்தைக் காட்டியது. மேற்பார்வை போதவில்லை என்று அரசு அமைப்பின் மீதும் குற்றம் விழுந்தது. 2020 மார்ச்சில் அறக்கட்டளையின் பயணிகள் அனுமதி ரத்தானது. பயணிகள் கட்டணம்தான் இந்த விமானங்களின் சாப்பாடு. கான்பூரில் தப்பிய லிபரேட்டரின் ஊர்வலமும் அதனால் நின்றது.

2015-இல் இங்கிலாந்தின் ஷோரமில் ஒரு ஹாக்கர் ஹன்டர் ஜெட் சாகசம் காட்டும்போது நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். ஒருவர்கூடக் காட்சி பார்க்க மைதானத்துக்குள் டிக்கெட் வாங்கி வந்தவரல்ல. சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். 2022-இல் டாலஸில் நடுவானில் இரண்டு பழைய விமானங்கள் மோதி 6 பேர் இறந்தார்கள். மூன்று விபத்துகளையும் ‘பழைய விமானம், என்ன செய்வது’ என்று தள்ளிவிட முடியாது. வயதைவிட மனிதர்களின் தீர்மானங்களே இவற்றில் முன்னால் நிற்கின்றன. விரும்பி ஏறும் விமானி வேறு, டிக்கெட் வாங்கிய குடும்பம் வேறு, கீழே கார் ஓட்டிக்கொண்டு போகிறவர் வேறு. இந்த மூவருக்கும் ஒரே அளவு ஆபத்தைப் பங்கிடும் உரிமை எந்த ஆர்வலருக்கும் கிடையாது.

பணமும் ஆர்வமும் இருந்தாலும் ஒரு கட்டத்தில் கதவு மூடிவிடும் என்பதற்கு வல்கன் சாட்சி. பிரிட்டனின் பிரம்மாண்டமான முக்கோண இறக்கை அணுகுண்டு விமானம் அது. எக்ஸ்.எச்.558 என்ற கடைசி வல்கனை மக்கள் நன்கொடையோடும், லாட்டரிப் பாரம்பரிய நிதி தந்த சுமார் 27 லட்சம் பவுண்டோடும் மீட்டு, 2007 அக்டோபர் 18 அன்று பறக்கவிட்டார்கள். 2012-இல் ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் பைகள் உள்ளே போய், ஒரே நேரத்தில் இரண்டு எஞ்சின்கள் பாழாயின. காலணிப் பெட்டிக்குள் போடும் அற்பப் பொருள். புது எஞ்சின் செய்ய உலகில் ஆலை இல்லை. கடைசியில் விமானத்துக்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட நிறுவனங்கள், அந்த அறிவுள்ளவர்கள் ஓய்வுபெற்றுப் போவதைக் காரணம் காட்டி விலகின. 2015 அக்டோபர் 28-க்குப் பிறகு அது பறக்கவில்லை.

பிஸ்டன் எஞ்சினைப் பட்டறையில் கடைசல் போட்டாவது ஓட்டலாம், ஜெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. நம் ஊரில் இப்போது இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1963-இல் சேர்ந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. ஒன்றையாவது விமானப்படையின் பாரம்பரியப் பிரிவில் பறக்கவிட வேண்டும் என்ற ஆசை ரசிகர்களுக்கு இருக்கும். ஆனால் வெளியேற்று இருக்கையின் வெடிமருந்துக்கு ஆயுள் உண்டு. டயரிலிருந்து எஞ்சின் இலைவரை புதிதாகத் தர ஆள் வேண்டும். அதை ஓட்டிப் பழகிய விமானிகளின் கையும் சில ஆண்டில் மறந்துபோகும். இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற லைட்னிங், பக்கனீர் ஜெட்களை ஆர்வலர்கள் வேறு விதமாக வைத்திருந்தார்கள். பறக்கவிடவில்லை; எஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதையில் முழு உறுமலோடு ஓடவிட்டு, தூக்குவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மிக்-21-க்கு இது பொருந்தும். எச்.ஏ.எல். அந்த விமானங்களை இங்கேயே நூற்றுக்கணக்கில் கட்டியது. கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் நாசிக்கிலும் கோராபுட்டிலும் இன்னும் இருக்கின்றன. முடிவெடுப்பதென்றால், எஞ்சின்களில் எண்ணெய் காய்வதற்கு முன்பே எடுக்க வேண்டும்.