தனியே செல்லும் கடற்பிரயாணம்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. அங்கே எப்பக்கம் நோக்கினும் மலையும் காடும் வயலுமே கண்ணிற் படும். ஆயினும், அம்மாவட்டத்துத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கப்பலைப் பற்றிய கதை ஒன்றேனும் இல்லாத குடும்பம் அரிது. பாட்டனார் வந்த கப்பல் ஒன்று. மாமன் போன கப்பல் மற்றொன்று. இவ்விரு பிரயாணங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. எப்பொழுது புறப்படுவது, எவரோடு செல்வது, எங்கே இறங்குவது என்னும் மூன்றையும் முடிவு செய்தவர் பிரயாணி அல்லர். பிறரே முடிவு செய்தனர்.

இன்று அதே மாத்தளையிலிருந்து ஒருவர், தாமே விரும்பி, தாமே சீட்டு வாங்கி, துணையின்றிக் கப்பலேறுதல் கூடும். அவ்வாறு முதன்முறை செல்பவர் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம். அதற்கு முன், பழைய கடல்வழியைச் சிறிது நோக்குதல் பயன் தரும்.

சென்ற 19 ஆம் நூற்றாண்டில் கண்டிப் பகுதியிலும் மாத்தளைப் பகுதியிலும் கோப்பித் தோட்டங்கள் பெருகியபொழுது, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். கரையோரம்வரை நடந்து, சிறு பாய்க்கப்பல்களில் பாக்குநீரிணையைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை எனப் பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்களை அழைத்து வந்தவன் கங்காணி. வழி எது, தண்ணீர் எங்கே கிடைக்கும், கடன் எவ்வளவு என்பன அவனுக்கே தெரிந்தவை. உடன் நடந்தோருக்கு அவன் முதுகு ஒன்றே வழிகாட்டி. நூறுபேர் சேர்ந்து சென்றாலும், வழி அறியாதவன் ஒருவகையில் தனியனே.

1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் போக்குவரத்துத் தொடங்கிற்று. ஏறத்தாழ 22 மைல் தூரமுள்ள அக்கடலைக் கடக்கச் சில மணி நேரமே போதுமானதாயிற்று. 1964 டிசெம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரமே அக்கரைத் துறையாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டது 1974 ஆம் ஆண்டில். அதன் பயனாக, மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் அழுகுரலோடு விடைபெற்ற குடும்பங்கள் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி அக்கரை சென்றன. தமக்கை ஒரு கரையிலும் தங்கை மறுகரையிலுமாகப் பிரிந்தனர். போர் மூண்டபின், 1980 களின் நடுப்பகுதியில் அக்கப்பற் சேவையும் நின்றது.

பின்னர் நீண்ட இடைவெளி ஏற்பட்டது. 2011 ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல் சில மாதங்களிலேயே நின்றுவிட்டது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' என்னும் பயணிகள் கப்பல் வந்தது. சிறிது காலம் தடைப்பட்ட அச்சேவை, 2024 ஓகஸ்ட் 16 ஆம் திகதி 'சிவகங்கை' என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 60 கடல்மைல். பிரயாணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இதற்கிடையே, 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலும் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது.

ஆகவே, கடல்வழி மீண்டும் திறந்தது. ஆனால், செல்ல விரும்புவோருள் பலர் துணைக்காகக் காத்திருக்கின்றனர். மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், கணவர் காலமாகிவிட்டார், அண்டை வீட்டாருக்கு அக்கரையில் உறவில்லை. காத்திருப்பதில் தவறில்லை. எனினும் 1970 களில் கப்பலேறிச் சென்ற தமக்கைக்கு இன்று வயது எழுபதோ எண்பதோ ஆகியிருக்கும். துணை கிடைக்கும்வரை காத்திருப்போர், யாரைக் காண விரும்புகின்றனரோ அவரையே இழந்துவிடவும் கூடும். தனியே செல்லும் ஆற்றல் ஆடம்பரமன்று என்பதை இதனால் உணரலாம்.

முதலில், கப்பல்களுள் இருவகை உண்டென்பதை அறிதல் வேண்டும். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கப்பல் ஒன்று. அதிற் பஸ்ஸில் இருப்பதுபோன்ற இருக்கையே கிடைக்கும். மற்றையது உல்லாசக் கப்பல். அது மிதக்கும் விடுதி. உறங்க அறையும் உண்ண மண்டபமும் அதிலேயே உண்டு. தனியே செல்பவர் இங்கு ஒரு விஷயத்தைக் கவனித்தல் வேண்டும். உல்லாசக் கப்பலின் அறைக் கட்டணம் பெரும்பாலும் இருவர் தங்குவதாகக் கொண்டு கணக்கிடப்படுவது. ஒருவர் மட்டும் தங்கினால், மற்றவருடைய கட்டணத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அவரே செலுத்த நேரும். 2010 ஆம் ஆண்டில் 'நோர்வீஜியன் எபிக்' என்னும் கப்பல் தனிப் பிரயாணிகளுக்கென்றே 128 சிறு அறைகளை அமைத்தது. அதன்பின் வேறு சில கப்பல்களும் அம்முறையைப் பின்பற்றின. எனவே, சீட்டு வாங்கும்பொழுதே, 'ஒருவருக்கு மட்டும் கட்டணம் எவ்வளவு?' என்று தெளிவாகக் கேட்டல் நன்று. முதன்முறை செல்பவர் பல நாட்கள் நீடிக்கும் உல்லாசப் பிரயாணத்திற்கு முன், சில மணி நேரக் கடற்பிரயாணம் ஒன்றைச் செய்து பார்ப்பது அறிவுடைமை. கடல் தம் உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது குறைந்த செலவிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது பத்திரங்கள். கடவுச்சீட்டுப் போதிய காலம் செல்லுபடியாகின்றதா என்று பார்த்தல் வேண்டும். விசா பெற்றிருப்பது மட்டும் போதாது. தாம் இறங்கவிருக்கும் துறைமுகத்தின் வழியே நுழைவதற்கு அந்த விசா செல்லுமா என்பதையும் விசாரித்தல் வேண்டும். விமான நிலையத்திற் செல்லும் அனுமதி எல்லாத் துறைமுகத்திலும் செல்லும் என்று எண்ணிவிடல் ஆகாது. இந்தியா செல்வோர் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்திலோ யாழ்ப்பாணத்திலுள்ள துணைத்தூதரகத்திலோ இதுபற்றிக் கேட்டறியலாம். பத்திரங்களின் பிரதிகளை வேறொரு பையில் வைப்பதும், ஒரு பிரதியை வீட்டிலுள்ளவரிடம் கொடுப்பதும் தனியே செல்பவருக்கு இன்றியமையாதவை.

மாத்தளையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வழியில் ஒரு வியப்பு உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருந்தெரு மாத்தளை நகரின் ஊடாகவே செல்கிறது. நாலந்தை, தம்புள்ளை, மதவாச்சி என அது தொடும் ஊர்கள், அன்று தொழிலாளர் தெற்கு நோக்கி நடந்த வழியில் இருந்த ஊர்களே. அவர்கள் பல நாள் நடந்த தூரத்தைப் பஸ் சில மணி நேரத்திற் கடந்துவிடும். ஆயினும் கப்பல் எவருக்காகவும் காத்திராது. ஆதலின், முதல்நாளே யாழ்ப்பாணம் சென்று இரவு தங்கி, காலையிற் துறைமுகம் செல்வதே தக்கது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கடல் கொந்தளிக்கும்; சேவையும் நிறுத்தப்படுவதுண்டு. பிற காரணங்களாலும் அச்சேவை இடையிடையே நின்று தொடங்கியிருக்கிறது. எனவே புறப்படுவதற்கு முன்தினம், கப்பல் ஓடுகின்றதா என்று மீண்டும் ஒருமுறை விசாரித்தல் வேண்டும். கொண்டுசெல்லக்கூடிய சுமையின் நிறையையும் அப்பொழுதே கேட்டுக்கொள்ளலாம். பெட்டி சிறிதாயிருப்பது நன்று. தூக்கிவிடப் பக்கத்தில் ஆளில்லை என்பதை அதைக் கட்டும்பொழுதே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கப்பலில் ஏறியதும் செய்ய வேண்டிய முதற் காரியம், உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, ஆபத்து வேளையிற் கூடுமிடம் எது என்று அறிந்துகொள்வதாம். 1912 ஆம் ஆண்டு 'டைட்டானிக்' மூழ்கியபின், கடலில் உயிர்காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1914 ஆம் ஆண்டில் உருவாயிற்று. 2012 ஜனவரி 13 ஆம் திகதி இத்தாலியக் கரையில் 'கொஸ்தா கொன்கோர்டியா' என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை ஏறிய பிரயாணிகள் பலர் ஆபத்துக்கால ஒத்திகையில் இன்னும் பங்குபற்றியிருக்கவில்லை. அதன் விளைவாக, ஒருநாளுக்கு மேல் செல்லும் பிரயாணங்களில் கப்பல் புறப்படுமுன்னரோ, புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தப்பட வேண்டும் என்னும் விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அது கூடுமிடத்திற்குச் செல்லும்படி விடுக்கும் அழைப்பு. குடும்பமாகச் செல்வோருள் ஒருவர் மறந்தாலும் மற்றொருவர் நினைவூட்டுவர். தனியே செல்பவர் தமக்குத் தாமே நினைவூட்டல் வேண்டும். ஆதலால், ஒத்திகையை விளையாட்டாகக் கொள்ளாது, ஒருமுறை கூடுமிடம்வரை நடந்து பார்ப்பது நலம்.

கடல்நோய் பலருக்கு அச்சம் தருவது. இதன் காரணம் எளிது. காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பு, உடல் அசைகின்றது என்று மூளைக்கு அறிவிக்கின்றது. கண்ணோ, எதிரே உள்ள சுவரும் இருக்கையும் அசையாது நிற்கின்றன என்கின்றது. இவ்விரண்டு செய்திகளும் முரண்படுவதால் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகின்றன. எனவே அசைவு குறைந்த இடமாகிய கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கை பெறுவதும், தொடுவானத்தை நோக்கியிருப்பதும் உதவும். புறப்படுமுன் வயிறு நிறைய உண்பதும் தவறு. ஒன்றும் உண்ணாதிருப்பதும் தவறு. வைத்தியரைக் கேட்டு மாத்திரை பெற்றுக்கொள்வோர், கப்பல் ஆடத் தொடங்குமுன்னரே அதனை உட்கொள்ளல் வேண்டும். குமட்டல் தொடங்கியபின் உட்கொண்டாற் பயன் குறைவு. இஞ்சித்துண்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் நன்று.

இனி, தனிமையைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். துணையின்றிச் செல்பவர் கப்பலில் நெடுநேரம் தனித்திருப்பது அரிது. நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்க, ஒரே தளத்தில் இருப்போர் விரைவிற் பேசத் தொடங்கிவிடுவர். உல்லாசக் கப்பல்களில் உணவு மேசையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னால் அதற்கும் ஒழுங்கு செய்வதுண்டு. பேசலாம், ஊர், உறவு, உணவு பற்றி வேண்டுமட்டும் பேசலாம். அறையின் இலக்கத்தையும் கையிலுள்ள பணத்தின் அளவையும் பேசலாகாது. பிறர் தரும் பொதியைத் தமது பையில் வைத்துச் சுங்கத்தைக் கடக்க ஒருபொழுதும் இசைதல் ஆகாது. இடைத்துறையில் இறங்கி ஊர் பார்க்கப் போகும்போது, கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் காகிதத்திற் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிடல் வேண்டும்.

'பெண்ணொருத்தி தனியே கப்பலேறுவதா?' என்று வினவுவோர் இன்னும் உளர். கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமந்து, விடியுமுன் மலையேறி, குடும்பத்தைத் தாங்கிய பெண்களே மலையகத்தில் அதிகம். அவர்களுள் ஒருத்தி, தன் கடவுச்சீட்டைத் தானே நீட்டி, தன் உடன்பிறந்தாளைக் காணச் செல்வதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அவளுக்கு வேண்டியது பாதுகாவலன் அல்லன். வழியைப் பற்றிய தெளிவே.

அன்று வழியைக் கங்காணி அறிந்திருந்தான், பிரயாணி அறியான். பின்னொரு காலத்தில் ஒப்பந்தம் வழியைக் குறித்தது. குடும்பங்கள் அதன்படி பிரிந்தன. இன்று தனியே செல்பவர், நாளும் நேரமும் செலவும் ஆபத்தும் இவையென்று தாமே அறிந்து புறப்படுகிறார். ஆகவே, நேயர்களுள் எவரேனும் அத்தகைய பிரயாணத்தை எண்ணியிருப்பின், பெட்டியை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுப்பாராக. கப்பலின் பெயர், புறப்படும் நாள், அக்கரையில் வரவேற்பவரின் முகவரி, திரும்பும் நாள் ஆகிய நான்கையும் அதில் எழுதி, வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுப்பாராக. பாட்டனாருக்கும் மாமனுக்கும் தாமே எழுதக் கிடைக்காத தாள் அது.