ஒன்றுக்குக் கீழே: தொற்றுநோயைத் தணிக்கும் கணிதம்

1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு, கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கண்டுபிடிப்பு 1902இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது. ஆயினும், கொசுவைக் குறைத்து நோயைத் தடுக்கலாம் என்று அவர் அறிவுறுத்தியபோது, குட்டைதோறும் சதுப்புதோறும் பெருகும் கொசுவை முற்றாக ஒழிக்க யாரால் இயலும் எனப் பலர் மறுத்துரைத்தனர். அவர்களுக்கு ராசு கணிதத்தால் விடையிறுத்தார். கொசுக்கள் அனைத்தும் அழிய வேண்டியதில்லை. அவற்றின் தொகை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினாலே நோய் படிப்படியாகத் தேய்ந்து மறையும் என்று, மொரீசியசுத் தீவின் மலேரியா குறித்து 1908இல் எழுதிய அறிக்கையில் காட்டினார். நோய்த்தடுப்புக் கணிதத்தின் உயிர்க்கருத்து அன்றே பிறந்தது.

அவ்வரம்பை இன்று ஓர் எண்ணால் அளக்கிறோம். நோயுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருகிறார் என்பதே பரவல் எண். அது 2 ஆயின், ஒருவரிடம் தொடங்கிய தொற்று பத்தாம் சுற்றில் 1,024 பேரைப் பற்றும். கால் பங்கு குறைந்து 1.5 ஆயின், அதே பத்தாம் சுற்றில் ஏறத்தாழ 58 பேரையே பற்றும். 0.9 ஆகிவிட்டாலோ, 100 நோயாளிகள் இருந்த ஊரில் பத்துச் சுற்றுக்குப்பின் 35 பேரே எஞ்சுவர். ஒன்றுக்கு மேலே நோய் வளர்கிறது, கீழே தளர்கிறது.

இவ்வெண் நான்கு காரணிகளின் பெருக்கற்பலன். நோயாளி நாள்தோறும் நெருங்கிப் பழகும் மாந்தரின் தொகை, ஒரு நெருக்கத்தில் தொற்று தாவும் வாய்ப்பு, தொற்றைப் பரப்பும் நாள்களின் அளவு, பழகுவோருள் எதிர்ப்பாற்றல் அற்றோரின் பங்கு என்பன அவை. கூட்டம் தவிர்த்தல் முதலாவதைக் குறைக்கிறது, முகக்கவசமும் காற்றோட்டமும் இரண்டாவதை, விரைந்து கண்டறிந்து தனிமைப்படுத்தல் மூன்றாவதை, தடுப்பூசி நான்காவதை. ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கே குறைத்தாலும் 2.4 என்றிருந்த எண் 0.98 ஆகிவிடும். தனித்து நின்றால் போதாத முயற்சிகள் ஒன்றுகூடினால் வரம்பைக் கடந்துவிடுகின்றன.

ராசுடன் சியரா லியோன் சென்று மலேரியாத் தடுப்பில் பயின்றவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். ஆய்வக வெடிவிபத்தொன்றில் பார்வையிழந்தும் ஆய்வைக் கைவிடாதவர் வில்லியம் கெர்மாக். இவ்விருவரும் 1927இல், மக்களைத் தொற்றக்கூடியோர், தொற்றியோர், தேறியோ மாண்டோ விலகியோர் என மூவகையாகப் பகுத்து, அவர்கள் ஒரு வகையினின்று மற்றொன்றுக்கு மாறும் வேகத்தைச் சமன்பாடுகளாக வடித்தனர். 1905–06இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்கின் வாராந்தர இறப்புகளோடு அவர்களின் வளைகோடு நெருங்கிப் பொருந்தியது. அனைவரும் நோயுற்ற பின்னரே கொள்ளைநோய் அடங்கும் என்பதில்லை. தொற்றக்கூடியோர் தொகை வரம்புக்குக் கீழே இறங்கியதும் அது அடங்கத் தொடங்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

நடவடிக்கையின் வலிமையோடு அதன் விரைவும் சேர வேண்டும். 1918இன் இன்புளுவென்சா அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செப்டம்பர் 17 அன்று பொதுமக்களிடையே அறியப்பட்டது. 28ஆம் நாள் பெரும் பேரணி நடந்தது. கட்டுப்பாடுகள் அக்டோபர் 3இல்தான் வந்தன. அதே நாட்டின் செயின்ட் லூயிசு நகரில் அக்டோபர் 5இல் நோய் அறியப்பட்டது. 7ஆம் நாளே கட்டுப்பாடுகள் தொடங்கின. பிலடெல்பியாவில் ஒரு வாரத்தின் உச்ச மிகை இறப்பு இலட்சம் பேருக்கு 257 என்றும், செயின்ட் லூயிசில் கட்டுப்பாடு நீடித்த காலத்து உச்சம் 31 என்றும் 2007இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கட்டுப்பாடு தளர்ந்தபின் செயின்ட் லூயிசில் இறப்பு மீண்டும் ஏறியது. தொற்றக்கூடியோர் பலர் எஞ்சியிருந்தமையால் அது நேர்ந்ததென்று சமன்பாடுகள் விளக்குகின்றன. விலகியிருத்தல் காலத்தை ஈட்டித் தரும். நீடித்த காப்பைத் தடுப்பூசி தர இயலும்.

அதற்கும் அளவு உண்டு. எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாதவிடத்துத் தட்டம்மையின் பரவல் எண் 12 முதல் 18 வரை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதனை ஒன்றுக்குக் கீழே இறக்க, நூற்றுக்கு 92 முதல் 95 பேர் வரை எதிர்ப்பாற்றல் பெற்றிருத்தல் வேண்டும். அந்நிலை எய்திய ஊரில், ஊசி போடும் வயதை எட்டாத பச்சிளங் குழந்தையையும் சுற்றத்தாரே காக்கின்றனர்.

கணித மாதிரி வருவதுரைக்கும் சோதிடம் அன்று. மக்கள் யாவரும் ஒருபடித்தாகக் கலந்து பழகுவதாக எளிய மாதிரி கொள்கிறது, மெய்வாழ்வு அப்படியில்லை. எச்சரிக்கை கேட்டு மக்கள் விலகி நின்றால், முன்னுரைத்த பேரழிவு வாராதொழியும். அதனைக் கணிதத்தின் பிழையென்று இகழ்தல் தகாது. அறிவுரை பயன் விளைத்தமைக்கு அதுவே சான்று.

ஆதலின், நான் ஒருவர் விலகி நின்றால் நோய் நின்றுவிடுமா என்று எவரும் தளர வேண்டா. நோயின் எல்லா வழிகளையும் அடைக்குமாறு எவரையும் கணிதம் கேட்கவில்லை. அவரவரால் இயன்ற பங்கைக் குறைக்கக் கேட்கிறது. காலந்தாழ்த்தாது குறைக்கக் கேட்கிறது. உடல்நலமில்லா நாளில் வீட்டில் இருப்பதும், குழந்தைக்கு உரிய நாளில் ஊசி இடுவதும் நம் கையில் உள்ளவை. அவற்றை இன்றே செய்வோம்.